பழைய செருப்பைக் கொண்டு வாருங்கள்

பதினெட்டு வருடமாகக் காயம் கட்டுகிறேன். அதுவும் சர்க்கரை நோயாளிகளின் கால் காயம் மட்டும். இந்த வேலை பார்த்தவளுக்கு யாரையும் லேசில் நம்ப வராது. "வீட்டுக்குள்ளகூட செருப்பு போட்டுத்தான் நடக்கறேன் சிஸ்டர்" என்று வாய் சொல்லும், பாதம் வேறு கதை சொல்லும். மரத்துப்போன காலில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காத புண்ணை யார் பார்க்கிறார்கள்? பார்க்கிற நாளில் வெட்டத்தான் வேண்டியிருக்கும். போன வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் நாற்பத்தொரு கால்கள் போயின.

அப்படிக் கால் போன ஒரு வாட்ச்மேனின் மனைவி, மூன்று வாரமாக என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் செருப்பைப் பிரித்துப் பார்த்து, தப்பு கம்பெனி மேலா, போட்டவர் மேலா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் வெளியே வந்தபோது, நோயாளிகள் கழற்றி வைத்திருந்த செருப்பு ஒன்றுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, அடுத்தவங்க செருப்புக்குள்ள என்ன தேடற? புதையலா?"

"இதப் போட்டவருக்கு இடது கட்டைவிரலுக்கு அடியில புண்ணு வரும் சிஸ்டர். அந்த இடத்துல மட்டும் குழி விழுந்திருக்கு பாருங்க."

அந்த ஆள் வலது குதிகாலுக்குக் கட்டுப் போட உள்ளேதான் இருந்தார். இடது காலைத் தூக்கச் சொன்னேன். கட்டைவிரலுக்கு அடியில் தோல் தடித்து, நடுவில் கருஞ்சிவப்பாய் ஒரு புள்ளி. அடுத்த மாதம் அது புண்ணாகியிருக்கும். எனக்கு அசடு வழிந்தது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சவ, உன் வீட்டுக்காரர் செருப்பப் பார்க்கலையா?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பார்க்கலை சிஸ்டர். நாள் பூரா செருப்புல கைய விட்டுட்டு வீட்டுக்கு வந்தா, இன்னொண்ணத் தொடவே பிடிக்காது. அதான் இப்ப எல்லாரோடதையும் பார்க்கறேன்."

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், அவரோ மறுநாளே சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, கையுறையும் கொடுத்து அவளை உட்கார வைத்துவிட்டார். ஊழியர்கள் 'செருப்பு இன்ஸ்பெக்டர்' என்று பேர் வைத்தார்கள். முதல் வாரம் நூறு ஜோடிக்கு மேல் பார்த்தாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் சாயம் வெளுத்தது என்று எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை அவள் ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் முன்னால் நின்றாள்.

"இதுல விலை ஸ்டிக்கர்கூட இன்னும் கிழியலை டாக்டர். ஆஸ்பத்திரிக்கு வரும்போது எல்லாரும் இருக்கறதுலயே நல்ல செருப்பத்தான் போட்டுக்கிட்டு வர்றாங்க. அது என்ன சொல்லும்? தினம் வேலைக்குப் போட்டுப் போற பழசக் கொண்டு வரச் சொல்லுங்க."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அத்தனை படித்தவர்கள் இருந்தோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் பை பையாகப் பழைய செருப்புகள் வந்து சேர்ந்தன. அந்த நாற்றத்தில் சீட்டு கொடுப்பவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். அவள் மட்டும் அசரவில்லை. ஒவ்வொன்றாகத் தடவினாள். குழி இருந்தால் அந்த ஆளின் காலை டாக்டர் பார்ப்பார். இவள் மெத்தென்ற ரப்பரை அளவுக்கு வெட்டி, அழுந்துகிற இடத்தில் மட்டும் குடைந்து, செருப்புக்குள் வைத்துக் கொடுப்பாள். டாக்டர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வெளிநாட்டு மெஷின், பாதத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று காட்டுவது, இன்னும் வந்தபாடில்லை. அந்த அரை வருடத்தில் எங்களிடம் போன கால்கள் ஆறு. எண்ணிக்கையைப் பார்த்த அன்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது.

என் தம்பி பஸ் ஓட்டுகிறான். சர்க்கரை இருக்கிறது, வாய்க்கொழுப்பும் இருக்கிறது. "உன் ஆஸ்பத்திரிய வீட்டுக்குக் கொண்டு வராதக்கா" என்பான். காலைக் காட்டு என்றால் பேச்சை மாற்றிவிடுவான். அவனுக்கு லீவு நாள் ஒன்றில் காலையில் போனேன். தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் கிடந்த வேலை ஷூவைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு வந்து, மற்றவர்களின் பைகளோடு வைத்தேன். யாருடையது என்று சொல்லவில்லை.

வலது ஷூவுக்குள் விட்ட கையை அவள் வெடுக்கென்று இழுத்தாள். கையுறையைக் கழற்றினாள். விரல் நுனியில் ரத்தம்.

"ஆணி. அடியிலேருந்து ஏறி முனை உள்ள வந்திருக்கு. இத மிதிச்சுக்கிட்டேதான் நடந்திருக்காரு. யாரோடது சிஸ்டர்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓடுங்க. நான் கைய கழுவிக்கறேன், நீங்க ஓடுங்க."

தம்பி டிவி பார்த்துக்கொண்டிருந்தான். "நீதானா அந்தத் திருடி? என் ஷூ எங்க?" என்றான். தரையில் உட்கார்ந்து அவன் வலது காலைத் தூக்கினேன். விரல்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டை, சுற்றிலும் சிவப்பு. அழுத்தினேன். சீழ் வந்தது. அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினெட்டு வருடமாக ஊரார் காலையெல்லாம் பார்த்தவள், கூடப் பிறந்தவன் காலைப் பார்க்கவில்லை.

அன்றே டாக்டர் கீறிச் சுத்தம் செய்தார். எலும்பு வரை போகவில்லை. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கட்டுப் போட என் அறைக்குத்தான் கொண்டு வந்தார்கள். தம்பியின் வாய்க்கொழுப்பெல்லாம் வடிந்துவிட்டது. சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டான்.

"அக்கா, கால் போயிடுமா?"

அந்த நாற்காலியிலிருந்து எத்தனையோ பேர் என்னிடம் கேட்டதுதான். "டாக்டர் சொல்லுவார்" என்று சொல்லிவிட்டு, கட்டுத் துணியைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். அன்று நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

"போகாதுடா."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.