மஞ்சள் நூல் கட்டிய விரால்

மோகன் அனுப்பிய கருவி உள்ளங்கையில் அடங்கியது. சின்னத் திரை ஒன்று, அதிலிருந்து நீளும் ஒயர், ஒயரின் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கறுப்புக் குமிழ். ஹொக்கைடோவில் அவன் வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் புதிது வாங்கிக்கொண்டு பழையதை அவனுக்குக் கொடுத்திருந்தார். ஊருக்கு வந்த நண்பனிடம் அதைப் பர்மாவில், தின்கன்ஜூனில் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான் மோகன். நீதானே ஃபிசிக்ஸ் படித்தவள், நம் ஓடையில் போட்டுப் பார்த்து வீடியோ அனுப்பு என்று தங்கைக்குச் சொல்லியிருந்தான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று புஷ்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குமிழ் ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரம் ஆழமாகத் திரையில் தெரியும். நடுவில் மீன் இருந்தால் அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையில் பட்டு முன்னதாகவே திரும்பும். ஹொக்கைடோவில் உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து, பனிக்கட்டியில் துளை போட்டு, துளைக்குள் குமிழை இறக்குகிறார்கள். குமிழ் நகராது. கீழே மீனும் நகராமல் நின்றால் திரையில் ஒரு கோடு நேராக நீண்டுகொண்டே போகும். மீன் விலகினால் கோடு அறுந்துவிடும். மோகன் அனுப்பிய வீடியோவில் புஷ்பா பார்த்தது அந்தக் கோட்டைத்தான்.

அம்மா வேறொன்றைப் பார்த்தாள். தன் மகன் தண்ணீரின்மேல் உட்கார்ந்திருக்கிறான். வீடியோவின் நடுவில் எங்கோ தூரத்தில் மரம் முறிவதுபோல ஒரு சத்தம். ஐஸ் பேசுகிறது என்று மோகன் சிரித்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு, அவன் பிறந்த நாளுக்கு உயிர்மீன் வாங்கி ஓடையில் விடுவதாக வேண்டிக்கொண்டாள்.

பிறந்த நாளுக்கு மீன் விடுவது இங்கே பர்மாக்காரர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். வயதுக்கு ஒன்று, வரப்போகும் வயதுக்கு ஒன்று கூடுதல். அந்த வழக்கத்தோடு அம்மா தன் வேண்டுதல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். வரப்போகும் வயதுக்கான கூடுதல் மீனின் வாலடியில், மாரியம்மன் காலடியில் வைத்து எடுத்த மஞ்சள் நூலைக் கட்டினாள். இருப்பதிலேயே பெரிய விரால் அது. மீன்காரப் பெண் தலையைப் பிடித்துக்கொள்ள, புஷ்பா உடம்பைப் பிடித்துக்கொள்ள, அம்மா முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டாள்.

ஞாயிறு காலை, கடல் ஏற்றத்தில் நீர் நிறைந்திருந்த நேரத்தில், ஙமோயெய் ஓடையின் படித்துறையில் எல்லா மீன்களையும் விட்டார்கள். அம்மா கடைசியாக நூல் கட்டிய மீனைச் சாய்த்தாள்.

"தண்ணிக்கு உசிரு குடுத்திருக்கோம். இனி அது நம்ம உசிர எடுக்காது" என்றாள்.

அன்று பிற்பகல் அதே படித்துறைக்குப் புஷ்பா மறுபடி வர வேண்டியிருந்தது. செல்வம் கருவியோடு வரச் சொல்லியிருந்தான்.

கருவியின் பேட்டரி சார்ஜ் ஏறாமல் இருந்ததால் அவள் செல்வத்தின் கடைக்குப் போயிருந்தாள். பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் தட்டு எல்லாம் பார்க்கிறவன். கரண்ட் நிற்காத ஊர் இல்லை என்பதால் அவன் கடையில் எப்போதும் ஆள் இருக்கும். இரண்டு முறை கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள், மூன்றாம் முறை வாசலில் தயங்கி நின்றபோது அவனே கூப்பிட்டான். குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எப்படி மீனைக் காட்டும் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். பட்டம் வாங்கியபின் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள் அவள். படித்ததைப் பற்றி ஒருவரும் அவளிடம் இதுவரை கேட்டதில்லை. அவன் சரிசெய்து கொடுத்த கருவியோடு வீடு திரும்பும் வழியெல்லாம் தான் பேசிய வாக்கியங்களை மனதுக்குள் மறுபடி சொல்லிக்கொண்டே வந்தாள்.

படித்துறையில் செல்வத்தோடு அவன் நண்பர்கள் சிலர் இருந்தார்கள். குழந்தைவேலு என்பவர் கொஞ்சம் வயதானவர், லைங் தாயாவில் தொழிற்சாலைப் பஸ் ஓட்டுகிறவர். கரையில் அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டி வைத்திருந்தார்கள். செல்வம் வீச்சுவலையைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றான். வலை எறியுமுன் குழந்தைவேலு பொதுவாகக் கேட்டார்.

"இன்னைக்கு இங்க யாரும் மீன் விட்டாங்களா? விட்டிருந்தா சொல்லிருங்கப்பா. வேற எடம் போவோம்."

அன்று விட்ட மீனை அன்றே பிடிக்கக்கூடாது என்பது இந்த ஓடைக்கரையில் எல்லோரும் மதிக்கிற ஒன்று. யாரும் எதுவும் சொல்லவில்லை. புஷ்பாவும் சொல்லவில்லை. காலையில் விட்டபோது ஏற்றம். அதன்பின் நீர் இறங்கத் தொடங்கிப் பல மணி நேரம் ஆயிற்று. இறங்கும் நீரோடு மீன்கள் இந்நேரம் புசுண்டவுங் தாண்டி ஆற்றுக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணக்கு இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு விஷயம். அத்தனை ஆண்கள் நடுவில் அம்மாவின் வேண்டுதலை எடுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

படியின் ஓரம் உட்கார்ந்து, ஒரு மூங்கில் குச்சியில் ஒயரைச் சுற்றிக் குமிழை இறக்கினாள். இங்கேயும் குமிழ் அசையாமல்தான் இருக்கும் என்பதால், கருவியில் பனிக்கட்டிக்கான அமைப்பையே தேர்ந்தெடுத்திருந்தாள். திரையின் மேல் மூலையில் பனித்துளையின் படம் ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரின் வெப்பம் இருபத்தாறு என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது. குழந்தைவேலு எட்டிப் பார்த்து, ஐஸ் எங்கே, சர்பத்தாவது போடலாமே என்றார்.

அடியில் சேறு அகலமாகத் தெரிந்தது. சேற்றுக்குச் சற்று மேலே தடித்த சிவப்புக் கோடுகள், ஒன்றை ஒன்று ஒட்டி. எதுவும் அறுபடாமல் நீண்டன.

"இருக்கா, மா புஷ்பா?" என்றான் செல்வம். இந்த ஊரில் மரியாதையாகக் கூப்பிடப் பெண்ணுக்கு 'மா', ஆணுக்கு 'கோ'.

"இருக்கு" என்றாள். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்றும் சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

வலை வட்டமாக விழுந்தது. இழுத்தபோது உள்ளே விரால்கள் துள்ளின. கரையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிடித்து அலுமினியக் குண்டானில் போட்டார்கள். பெரியதைத் தூக்கியவன் நின்றுவிட்டான். வாலடியில் மஞ்சளாக ஏதோ ஈரத்தில் ஒட்டிக்கிடந்தது.

"என்னடா இது? மீனுக்கு எவனோ தாலி கட்டியிருக்கான்" என்றான் செல்வம்.

"புருசன் எங்கன்னு அந்த மிசினக் கேளு" என்றார் குழந்தைவேலு.

எல்லோரும் சிரித்தார்கள். செல்வம் சிரித்துக்கொண்டே புஷ்பாவைப் பார்த்தான். அவளும் சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் முகம் சுட்டது. வளர்ப்புக் குளத்து மீன். தொட்டியில் பிறந்து, மீன்காரப் பெண்ணின் பாத்திரத்தில் வந்தது. அதற்கு ஆறும் தெரியாது, இறக்கமும் தெரியாது. கொட்டிய இடத்திலேயே கரையோரம் ஒண்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நீரின் வேகத்தைக் கணக்கில் எடுத்தவள் மீனை எடுக்கவில்லை.

"இன்னும் இருக்கா?" என்றான் செல்வம்.

திரையில் கோடுகள் இருந்தன. முன்பைவிடக் குறைவு. இல்லை என்று ஒரு சொல் போதும். யாரும் திரையைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கு. கொஞ்சம் இடது பக்கம்" என்றாள்.

இரண்டாம் வலை மேலே வருமுன் குமிழைச் சுருட்டிக்கொண்டு, அம்மா தேடுவாள் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வீட்டில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட நேரம் இருந்தது. புஷ்பா கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டினாள். குடத்தில் தண்ணீர் இருந்தும் பிடித்து வைத்தாள். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டபோது கையில் துடைப்பம் இருந்தது.

செல்வம் வாளியோடு வந்திருந்தான். தலை நனைந்து, சட்டையெல்லாம் செதில். பெரிய மீன் உங்கள் வீட்டுப் பங்கு என்று வாளியை அம்மா முன்னால் வைத்தான்.

"ஒங்க மக இல்லன்னா ஒன்னும் கெடச்சிருக்காதும்மா. கண்ணால பாக்குற மாதிரி எடம் சொன்னாங்க. அந்த நூலு மட்டும் அறுக்க வரல. எவனோ நல்லா முடிச்சுப் போட்டிருக்கான்."

அம்மா வாளிக்குள் பார்த்தாள். விரால் உயிரோடுதான் இருந்தது. வாய் நீருக்கு மேல் வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. அம்மா நிமிர்ந்தபோது முகத்தில் எதுவும் இல்லை.

"ஒக்காருங்க தம்பி. லபேயே குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவன் அம்மாவைப் பற்றி, கடையைப் பற்றிக் கேட்டாள். வந்தவனை முகம் சுருங்க வைக்கக்கூடாது என்று அவள் ஒவ்வொரு கேள்வியையும் தேடித் தேடிக் கேட்டது புஷ்பாவுக்குத் தெரிந்தது. செல்வத்துக்குத் தெரியவில்லை. அவன் மகிழ்ச்சியாகக் குடித்துவிட்டுப் போனான்.

அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியபின்தான் அம்மா பேசினாள்.

"நூலப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நம்மளுதுன்னு சொன்னியா?"

"இல்லம்மா."

அம்மா அடுத்த கேள்வி கேட்பாள் என்று புஷ்பா காத்திருந்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருக்கலாம். அம்மா கேட்கவில்லை. செல்வம் குடித்த கிளாஸைக் கழுவினாள். கழுவியதையே திரும்பவும் கழுவினாள். பிறகு சாமிப் படத்தின் முன் போய் உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி இருந்தாள். மோகனின் வரப்போகும் வயது வாளிக்குள் சுற்றிவந்து தகரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது.

புஷ்பா ஒரு கையில் வாளியையும் தோளில் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டாள்.

வெயில் இறங்கியிருந்தது. படித்துறையில் அவர்கள் இன்னும் இருந்தார்கள். மீன் பொரியும் வாசனை தெருவிலேயே வந்தது. அவர்கள் இல்லாத இடமாகத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் ஓடையில் இறங்கப் படி இருப்பது அங்கே மட்டும்தான். அவள் யாரையும் பார்க்காமல் கடைசிப் படிக்குப் போய் வாளியைச் சாய்த்தாள். விரால் ஒரு கணம் அவள் கால்விரலில் பட்டு உள்ளே போனது.

குமிழை இறக்கினாள். போய்விட்டதா என்று தெரிந்தால் போதும். திரையில் ஒரு தடித்த கோடு சரிந்து இறங்கி, சேற்றுக்குச் சற்று மேலே நின்று, நேராக நீளத் தொடங்கியது. பிற்பகலில் நின்ற அதே இடம்.

"என்ன மா புஷ்பா, அந்தி வேட்டையா?" பின்னால் செல்வத்தின் குரல். வலை தோளில் இருந்தது. "இருக்கா?"

இல்லை என்று சொன்னால் அவன் போய்விடுவான். மீன் பிழைக்கும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. நாளைக்குக் கடைப்பக்கம் போனால் அவன் இப்படியே சிரித்துக்கொண்டு கூப்பிடுவான். ஆனால் சட்டியில் பொரிந்துகொண்டிருப்பது என்ன என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

"இருக்கு" என்றாள். திரும்பாமலே பேசினாள். "எங்கம்மா விட்டது, கோ செல்வம். காலையில விட்டது. எங்கண்ணனுக்காக. அந்த நூலு எங்கம்மா கட்டுனது. எல்லா மீனும் எங்களுதுதான். வலை போடாதீங்க."

யாரோ அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக் கீழே வைத்தார்கள். குழந்தைவேலு வாயில் இருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழித்துவிட்டு, பக்கத்தில் போய்த் துப்பினார். குண்டானில் மிஞ்சியிருந்த உயிர்மீன்களை ஒருவன் தூக்கிவந்து அவள் பக்கத்தில் தண்ணீரில் கவிழ்த்தான்.

செல்வம் வலையைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டான்.

"கேட்டமே" என்றான். கோபமாக இல்லை. "வலை எறியிறதுக்கு முன்னாடி கேட்டமே, மா புஷ்பா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ஆமா" என்றாள்.

"ஒங்க அம்மா எனக்கு லபேயே போட்டுக் குடுத்தாங்க."

அவன் முகத்தில் இப்போது இருந்த குற்றவுணர்வு, வீட்டில் துடைப்பத்தோடு நின்றபோது தன் முகத்திலும் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அதை அவனுக்குக் கொடுத்தது தான்தான். அவன் வலையைச் சுருட்டாமல் அப்படியே இழுத்துக்கொண்டு மேல்படி ஏறினான்.

புஷ்பா மண்டியிட்டு உள்ளங்கையால் தண்ணீரை அடித்தாள். கோடு அசையவில்லை. மறுபடி அடித்தாள். பாவாடையும் சட்டையும் நனைந்தன. கரையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. தெரிந்தும் அடித்தாள். கை சிவக்கும்வரை அடித்தபின் கோடு மெல்லச் சாய்ந்து, மெலிந்து, திரையின் ஓரத்தில் அறுந்தது. அதன் பின்னாலேயே மற்றவையும் ஒவ்வொன்றாக விலகின.

போன் அதிர்ந்தது. மோகன். வீடியோவுக்காகக் காத்திருப்பான், மீன் தெரிந்ததா என்று கேட்பான். ஈரக் கையைத் துடைக்க உலர்ந்த இடம் எதுவும் உடம்பில் இல்லை. கருவியின் திரையில் சேறு மட்டும் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. முதலில் என்ன சொல்வது என்று தெரியாமலே போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணா" என்றாள். "அம்மா உனக்காக மீன் விட்டாங்க. நான் என்ன செஞ்சேன்னு கேளு."