குப்பைமேட்டுக் கல்யாண மண்டபம்

தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் சாலையோரத்துப் பேரூராட்சி அது. அங்கே சேர்மனாக வந்த கந்தசாமி, பதவிக்கு வந்ததும் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தார். ஊர்க் குப்பையையும் செத்த மாடுகளையும் காலங்காலமாகக் கொட்டி, கடைசியில் செம்மண் பரப்பி மூடிய பழைய குப்பைமேடு ஒன்று இருந்தது. அதன் அருகில், நூறு அடிக்குள், யாரும் எதுவும் கட்டக் கூடாது. மேலிடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்து எழுதிய விதி. ஏன் கூடாது என்று அவரும் கேட்கவில்லை, கைதூக்கிய உறுப்பினர்களும் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால்தான் கை தூக்குவோம் என்று இருந்திருந்தால் அவர்கள் உறுப்பினர்களாகவே ஆகியிருக்க மாட்டார்கள்.

அந்த விதி முதலில் போய் விழுந்தது ஆண்டாள் மீது. சாலையோரத்தில் தனியாளாக இட்லிக் கடை நடத்தியவள். அவள் வீட்டின் பின்பக்கம் குப்பைமேட்டைப் பார்த்திருக்கும். ஆடி மழையில் அடுப்படிச் சுவர் இடிந்து விழ, செங்கல் வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். செயல் அலுவலர் காசிநாதன் ஆள்களோடு வந்து, இடுப்பளவு எழும்பிய சுவரைத் தள்ளச் சொன்னார்.

"இன்னா சார் ஞாயம் இது? அந்தாண்ட மேட்டு மேலயே சேர்மன் கல்யாண மண்டபம் கட்டிக்கினு இருக்காரு. அது உங்க கண்ணுக்குத் தெரியலயா?"

காசிநாதன் கொஞ்சமும் கூசாமல் பதில் சொன்னார். "விதியில 'அருகில்'னுதாம்மா இருக்குது. அவரு அருகில கட்டல. மேல கட்டறாரு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேர்மனுக்குக் கேட்கும்படி சிரித்தார்கள்.

ஆவணியில் மண்டபம் திறந்தாயிற்று. உள்ளே அழுகிய முட்டை வாடை அடித்தது. ஊர்ப் பெரியவர்கள் ஊதுபத்தி வாசனையைப் பாராட்டிவிட்டு, மூக்கைப் பொத்தாமலே சாப்பிட்டு எழுந்தார்கள்.

அடுத்த மாதம் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. உளுந்தூர்பேட்டைப் பக்கமும் இந்தப் பக்கமும் மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். ஆண்டாள் கடைக்கு நிழல் தந்த புளியமரத்தை வெட்டியவன் உள்ளூர் இளைஞன் பாவாடை. "உனுக்கு வேற மரமே கெடைக்கலயாடா, பாழாப்போறவனே!" என்று அவள் நாள் முழுக்க வைதாள். அவன் தலைகுனிந்தபடி கிளைகளை இழுத்துப் போட்டான்.

சேலம் போகிற பேருந்து ஒன்று அங்கேயே நின்றுபோனது. பயணிகளை மண்டபத்தில் தங்கவைத்தார் கந்தசாமி. அவர்களுக்கும் சோறு, மறியல்காரர்களுக்கும் சோறு, காவலுக்கு வந்த போலீசுக்கும் சோறு. யார் ஜெயித்தாலும் தன் இலையில் சாப்பிட்டவராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அவ்வளவு பேருக்குச் சமைக்க, மண்டபத்தின் பின்னால் ஆழமாகக் கோட்டை அடுப்பு வெட்டினார்கள். சமையல்காரர் விறகைப் பற்றவைத்ததும் குழிக்குள்ளிருந்து நெருப்பு ஆளுயரத்துக்கு எழுந்தது. அவர் காலில் சுட்டுக்கொண்டு கத்தினார். அதற்குள் மண்டபத் தரை வெடிப்புகளில் நீலமாக நெருப்பு ஓடியது. மணமேடைச் சீலைகள் பற்றிக்கொண்டன. பயணிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் சேர்மனும் செயல் அலுவலரும் ஓடினார்கள். மரம் கிடந்த சாலையில் தீயணைப்பு வண்டி வர வழியில்லை. பாவாடையும் அவன் கூட்டாளிகளும்தான் மண்ணை அள்ளிக் கொட்டினார்கள்.

மறியல் முடிந்ததும் போலீஸ் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போனது. மண்டபத்தைக் கொளுத்தியவர்கள் போராட்டக்காரர்கள் என்று சேர்மன் எழுதிக் கொடுத்திருந்தார். காசிநாதன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். ஊரில் அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். விசாரணை நடந்த அன்றைக்குப் பார்த்து அத்தனை பேருக்கும் வேறு வேலை இருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி முன்னால் ஆண்டாள் ஒருத்திதான் போய் நின்றாள்.

"ஐயா, அவன் என் மரத்த வெட்டுனவங்க. அதுக்கு நாலு ஒத வையுங்க, வேணாங்கல. ஆனா நெருப்பு அவன் வெக்கலங்க. பூமிக்குள்ளருந்து வந்துச்சு. வந்து பாருங்க."

"இந்தம்மாவுக்கு சுவர் கட்ட விடலன்னு கோவம்" என்றார் காசிநாதன்.

அதிகாரி அவரைத் தாண்டி மண்டபத்துக்குப் பின்னால் போனார். பாதி வெட்டிக் கிடந்த இன்னொரு குழி ஓரத்தில் நின்று, எரிகிற காகிதத்தை உள்ளே வீசச் சொன்னார். குப்பென்று கிளம்பிய நெருப்பில் கந்தசாமி இரண்டடி பின்னால் துள்ளி, காசிநாதன் மேலேயே சாய்ந்தார்.

"மக்குன குப்பையில எரிவாயு இருக்கும். அதுக்காகத்தான் விதியே. நீங்க போட்டதுதான?" என்று கேட்டார் அதிகாரி.

"தீர்மானம் போட்டோம்ங்க. அர்த்தம் யாரும் சொல்லலைங்க" என்றார் கந்தசாமி.

பாவாடையை விட்டுவிட்டார்கள். மண்டபத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். காசிநாதனுக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவில் அவருடைய நேர்மையைப் பற்றிக் கந்தசாமி வெகுநேரம் பேசினார். கூட்டம் கைதட்டியது.

புதிதாக வந்த செயல் அலுவலர் ஆண்டாளிடம், "பழைய எடத்துலயே சுவரக் கட்டிக்கம்மா, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"நீங்க கேக்காம வுடுவீங்க. நெருப்பு வுடுமா?" என்றாள் அவள். அடுப்படியைச் சாலைப் பக்கம் மாற்றிக் கட்டினாள். செங்கல் எடுத்துக் கொடுக்கப் பாவாடை வந்தான். அவனை வேலை முடியும்வரை வைதுகொண்டே இருந்தாள்.