ரேடியோ அக்காவுக்கு விருந்தாளி

பெண்கள் சிறையின் வெளிக்கதவு முன்னால் வரிசையில் நின்ற தையல்காரிக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. விடுதலையாகிப் போனவள் யாராவது இந்த வாசலுக்குத் திரும்ப வருவாளா? "அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே" என்று தங்கச்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். ஆனால் உள்ளே ரேடியோ அக்கா இருக்கிறாளே! இத்தனை காலத்தில் அவளைப் பார்க்க ஒரு ஈ, காக்கை வந்ததில்லை. இவளும் வராவிட்டால் வேறு யார் வரப்போகிறார்கள்?

வாய் ஓயாமல் பேசுவதால் அக்காவுக்கு அந்தப் பெயர். ஒரே அறையில் அத்தனை பெண்கள், அரைச்சுவர் மறைவில் ஒரே கழிப்பறை, அழுது வடிகிற குழாய். மாதவிலக்குக்கு அங்கே 'விருந்தாளி' என்று பெயர். ஆண் காவலர்களும் நடமாடுகிற இடத்தில் வேறெப்படிச் சொல்வது? "விருந்தாளிடி" என்று ஒருத்தி முனகினால் போதும், தையல்காரி இடுப்பிலிருந்து துணியை உருவிக் கொடுப்பாள். தையல் கூடத்தில் சீருடை வெட்டி மிஞ்சிய துண்டுகளை மடித்துத் தைத்து, ஒளித்துக் கொண்டுவருவாள். சிறையில் கொடுக்கிற துணி எந்த மூலைக்கு? துவைத்ததை வெயிலில் காயப்போடவும் விடமாட்டார்கள், பாவிகள். ஈரத்தோடு வைத்துத் தொடையெல்லாம் புண்ணாகும்.

அந்த நரகத்திலும் சிரித்தார்களே, அதற்குத்தான் இப்போது மனசு கிடந்து ஏங்குகிறது. அக்கா படுத்தபடியே செய்தி வாசிப்பாள்: "முக்கியச் செய்தி. மூலையில இருக்கிற அம்மாவுக்கு விருந்தாளி வந்தாச்சு. கடிச்சு வச்சிருவாங்க, யாரும் கிட்டப் போகாதீங்க!" அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

ஒரு தடவை அக்காவுக்கு வந்த விருந்தாளி போகவே இல்லை. முகம் வெளிறியது, செய்தியும் நின்றுபோனது. எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை தருகிற டாக்டர் வந்த அன்று, தையல்காரி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள்.

"டாக்டர், அக்காவுக்கு வந்த விருந்தாளி போகவே மாட்டேங்குது" என்றாள், பழக்கதோஷம்.

கூட நின்ற புதுக் காவலர் துள்ளிக் குதித்தார். "விருந்தாளியா? யார் உள்ள விட்டது? பார்வை நேரம் முடிஞ்சுபோச்சே!"

"அதெல்லாம் ஆபீஸ்ல சொல்லும்மா" என்று டாக்டர் ஒரு மாத்திரையை நீட்டினார். "அடுத்த ஆள்!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல்காரிக்கு வந்ததே ஆத்திரம்! வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது!

"ரத்தம் சார், ரத்தம்! வாரக்கணக்கா கீழ போய்க்கிட்டே இருக்கு. மனுஷி செத்துக்கிட்டிருக்கா, நீங்க மாத்திரை நீட்டுறீங்க!"

டாக்டர் எழுந்து வந்து அக்காவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த அக்கா மெல்லிய குரலில் வாசித்தாள்: "முக்கியச் செய்தி. விருந்தாளி தங்குற வீட்டையே இடிச்சாச்சு. இனிமே நமக்கு யாரும் வரமாட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரி மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அடுத்தது யாரும்மா?" என்று வாசலில் குரல் வந்தது. தையல்காரி உள்ளே போய்க் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கத்து நடையில் பெண் காவலரோடு அக்கா வழக்காடிக்கொண்டு வருவது கேட்டது.

"என்னைப் பார்க்கவா? வேற யாரையாவது இருக்கும், நல்லாக் கேளுங்க மேடம்."

வலைக்கு அருகில் வந்தவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இளைத்திருந்தாள். வலைக்குள் ஒரு விரலை நுழைத்து, தையல்காரியின் விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அறைப் பக்கம் திரும்பி, உடைந்த குரலில் கத்தினாள்:

"அடியேய், முக்கியச் செய்தி! எனக்கு விருந்தாளி வந்திருக்காடி!"