மூன்று வருஷத்து நாற்காலி

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட, பதுளைக்கு வருகிறவர்கள் வண்டி மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்த காலம் அது. அப்போது எங்கள் ஊரில் ஒரு கலாசாலை இருந்தது. பிள்ளைகள் உட்காரப் பதினான்கு வாங்கு, ஒரு கரும்பலகை, ஒரு பெருந்தலைவர். அந்தப் பெருந்தலைவர் நான்தான். கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருந்த லத்தீப்.

பெருந்தலைவருக்குப் பெரிய வேலை வருஷத்தில் ஒரே நாள்தான். பரிசளிப்பு விழாவன்று வெல்வெட் கோட்டு மாட்டிக்கொண்டு பலா மர நாற்காலியில் உட்கார வேண்டும். எந்தச் சபையிலும் நான் உட்காரும் வரை யாரும் உட்காரக் கூடாது. நான் எழும்பும் வரை யாரும் எழும்பக் கூடாது. பதவியோ ஆயுள் உள்ளவரை. இந்தச் சட்டமெல்லாம் தலைமையாசிரியர் மத்தேயு மாஸ்டர் எழுதியது. லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவர். மதராஸுக்குப் போய்ப் படித்தபோது அங்கே சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழா ஒன்றை வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்திருந்தார்.

"பள்ளிக்கூடம் சின்னதுதான் நானா. அதுக்காக மரியாதையும் சின்னதா இருக்கணுமா?" என்பார். ஊரில் எல்லோருக்கும் நான் நானா, அதாவது அண்ணன்.

பதினேழு வருஷம் அப்படியே உட்கார்ந்து எழும்பினேன். பதினெட்டாவது விழாவுக்கு நேரத்தோடு போய்விட்டேன். மண்டபத்தில் மாஸ்டர் மட்டும் இருந்தார். தோளிலிருந்த துண்டால் அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிந்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

"கொஞ்சம் உட்கார்ந்துதான் பாருங்களேன், மாஸ்டர்."

தீயில் பட்டதுபோல் கையை எடுத்தார். "சட்டம் எழுதுனவனே அத மீறலாமா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது; இருமல் நெடுநேரம் ஓயவில்லை.

அந்த வாரமே அவர் மனைவி இருதயம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவி ரஹ்மத்தும்மாவிடம் அழுதுவிட்டுப் போனாள். நெஞ்சு கெட்டுவிட்டதாம். அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"இஞ்ச பாருங்க," என்றாள் ரஹ்மத்தும்மா. "அந்த மனுசன ஒரு தடவ அந்தக் கதிரயில இருக்க வைங்களேன்."

எளிதாகச் சொல்லிவிட்டாள். நானாக விலகினால், லத்தீப் என்ன தப்புச் செய்தான் என்று மறுநாளே கடைத்தெரு விசாரிக்கும். அதைத் தாங்கிக்கொள்வேன். ஆனால் நான் விட்டுக்கொடுத்த கதிரையில் மாஸ்டர் உட்கார மாட்டார். இரக்கம் என்றால் பத்து முழத்துக்கு அப்பாலேயே அவருக்கு வாசனை வந்துவிடும். பதவிக்குக் காலவரம்பு என்று சட்டமே வந்துவிட்டால், யாரும் யாருக்கும் கொடுத்ததாக ஆகாது.

கலாசாலையை நடத்தும் சங்கத்தின் கூட்டத்தில் காலவரம்புப் பேச்சை எடுத்தேன். செயலாளர் கருவாட்டுக் கடை ஜௌபருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்க என்ன கொற வெச்சோம் நானா?" என்றார். நான் அவர்களுடைய விசுவாசத்தைச் சோதிக்கிறேன் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். மறுநாள் வீட்டுக்கு ஒரு கூடை மாசிக் கருவாடு வந்தது.

சரி, தகுதி இல்லாதவன் என்றாவது காட்டுவோம் என்று, ஆளுநர் பிறந்தநாள் கூட்டத்தில் வேண்டுமென்றே தூங்கினேன். ஒரு மணி பத்து நிமிஷம். ஒருத்தர் அசையவில்லை. லுணுகலையிலிருந்து யாருடைய காலிலோ வந்த அட்டை ஒன்று, முன்வரிசையில் மூன்று பேரிடம் நிதானமாக இரத்தம் குடித்துவிட்டு வாசல் வழியே போனது. சபை ஒழுங்கை மீறி எனக்கு முன்னால் எழும்பிப் போனது அது ஒன்றுதான். நான் கண்ணைத் திறந்ததும் கை தட்டினார்கள். "இந்த வருசம் நானாட பேச்சு நல்ல ஆழம்," என்றார் ஜௌபர்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் சட்டைக்குள் மாஸ்டர் குறைந்துகொண்டே வந்தார்.

அடுத்த சங்கக் கூட்டம் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கூடியது. எல்லா விஷயமும் பேசி முடிந்தது. நான் எழும்பவில்லை.

"நானா, முடிஞ்சு," என்றார் ஜௌபர்.

"முடியல்ல. காலவரம்புச் சட்டத்துக்குக் கை தூக்குங்க. அதுவரைக்கும் நான் எழும்ப மாட்டேன்."

சட்டப்படி அவர்களும் எழும்ப முடியாது. வெளியே லுணுகலைக்குப் போகிற வண்டிக்காரன் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மாடுகளைத் திட்டிக்கொண்டே போய்விட்டான். அதில் திரும்ப வேண்டிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இராயப்பன் தலையில் கை வைத்தார். ஜௌபரின் கடையை ஊர்ப் பூனைகள் பொறுப்பெடுத்திருந்தன. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது.

"நானா, மஃரிபுக்குப் பாங்கு சொல்லப் போறாங்க!"

"அப்ப கெதியா தூக்குங்க."

"எத்தன வருசம் எண்டாவது சொல்லுங்களேன்!"

நான் அதை யோசித்தே இருக்கவில்லை. பள்ளிவாசல் பக்கம் பாங்கு சொல்லும் முஅத்தின் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "மூணு," என்றேன். "ஒருக்கா இருந்தவர் மறுக்கா இருக்கக் கூடாது."

எல்லாக் கைகளும் மேலே போயின. புதியவர் யார் என்றபோது ஜௌபர் அவசரத்தில் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த மத்தேயு மாஸ்டர் அவர். ஜௌபரின் பக்கத்தில் அவரை உட்கார வைத்தது நான் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மாஸ்டரின் பேனை நின்றுவிட்டது. மற்றவர்கள் ஓடிய பிறகு மெதுவாகக் கேட்டார்: "மூணு வருஷமா? எனக்கு எதுக்கு நானா அவ்வளவு?"

"சட்டம் மாஸ்டர். இடையில விட்டுட்டுப் போனீங்க எண்டா ஜௌபர் மறுபடியும் கூட்டம் கூட்டோணும். பாவம், கடையில கருவாடு மிச்சமில்ல."

அவர் பேனையை மையில் தோய்த்தார். "சட்டம்னா சரிங்க," என்றார்.

வெல்வெட் கோட்டை ரஹ்மத்தும்மா அவருக்குப் பிடித்துத் தைத்தாள். அந்த மழைக்காலம் வந்தது, போனது. மாஸ்டர் போகவில்லை. ஜனவரியில் நாற்காலியில் உட்கார்ந்தார், நாங்கள் உட்கார்ந்தோம். டாக்டர் வாசலில் நின்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு விழாவுக்கு முன்பும் கோட்டை வாங்கிவந்து, ரஹ்மத்தும்மா உள்ளே ஓர் அங்குலம் மடித்துத் தைப்பாள். வெளியே தையல் தெரியாது. "பாத்தீங்களா நானா, அதே கோட்டு. நான் எளைக்கவே இல்ல," என்பார் மாஸ்டர். ஆமாம் என்பேன். நான் அவ்வளவாகப் பொய் சொல்லுகிறவன் இல்லை.

மூன்றாவது விழாவில் கடைசிப் பிள்ளைக்கும் புத்தகம் கொடுத்துவிட்டு, நாற்காலியின் கைகளைப் பிடித்து மெல்ல எழும்பினார். அன்றைக்கு அவருக்கு நேரம் எடுத்தது. மண்டபம் முழுவதும் அவரோடு சேர்ந்து, அவ்வளவு மெதுவாகவே எழும்பியது. குறிப்புப் புத்தகத்தில் பதவிக்காலம் பூர்த்தி என்று அவரே எழுதிக் கையொப்பம் வைத்தார்.

பதினொரு நாள் கழித்துப் போனார்.

மூன்று என்று சொன்னது நான். பாங்குக்கு முன்னால், அவசரத்தில், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இருந்த நிலைமைக்கு ஐந்து என்று சொல்லியிருந்தாலும் கை தூக்கியிருப்பார்கள்.