உருகிய உப்பில் கரைந்த பஞ்சு

ஆய்வுக்கூட உதவியாளர் கோதண்டபாணிக்கு அந்த நாற்றம் பழகவே மூன்று வாரம் பிடித்தது. ஒரு புட்டியில் பிரிடின் என்ற திரவம். திறந்தால் அழுகிய மீன் வாடை. இன்னொன்றைத் திறந்தாலோ கண்ணில் நீர் கொட்டும். இரண்டையும் கலந்து சூடாக்கி, நீலாம்பாள் ஒரு வெள்ளை உப்பு தயாரித்துக்கொண்டிருந்தாள்.

அது 1968 ஐப்பசி. பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண் நீலாம்பாள். கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பஞ்சிலும் வைக்கோலிலும் இருக்கிற செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. ஆனால் இந்த மாதிரி உப்பைப் பிரிடின் சேர்த்து உருக்கினால் அதில் கரையும் என்று 1930களிலேயே ஒருவர் ஐரோப்பாவில் காப்புரிமை பதிந்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் அதைச் சீண்டியதாகத் தெரியவில்லை. அதனாலேயே அவளுக்கு அதன்மேல் ஆசை.

நான்கு முறை செய்தும் பஞ்சு ஊறி உப்பியதே தவிர, கரையவில்லை. துறைத்தலைவர் பஞ்சாட்சரம் வந்து நின்றார்.

"ஏம்மா, பக்கத்து கிளாஸ்ல பசங்க மூக்கைப் பொத்திக்கினு உக்காந்திருக்கானுங்க. இந்த மாசத்தோட போதும்."

"சரிங்க சார்" என்றாள் நீலாம்பாள். அவர் தலை மறைந்ததும் ஐந்தாவது முறைக்குப் பஞ்சு நிறுக்கச் சொன்னாள்.

தாமல் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கோதண்டபாணிக்குத் தராசுதான் பெருமை. காலையில் பஞ்சை நிறுத்து மேசைமேல் வைத்தான். மத்தியானம் நல்ல மழை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி நிறுத்தவனுக்குத் திக்கென்றது. மூன்று முறை பார்த்தான். அதே கணக்குதான்.

"அம்மா, தப்பு எம்மேலதான் இருக்கும். ரெண்டு கிராம் வெச்ச பஞ்சு இப்ப நூறு மில்லிகிராம் கூடக் காட்டுது."

நீலாம்பாள் பேனாவைக் கீழே வைத்தாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"தப்பில்லீங்க, கோதண்டபாணி. பஞ்சு காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிருக்குது. உப்பும் அப்படித்தான் குடிச்சிருக்கும். கரைய விடாம நாமளே தண்ணி சேத்துக்கினு இருந்திருக்கோம்!"

மறுநாள் முழுக்க இரண்டையும் சூட்டடுப்பில் காய வைத்து, ஈரம் புகாத ஜாடியில் மூடினார்கள். அதற்கடுத்த நாள் சூடான எண்ணெய்ச் சட்டியில் உப்பும் பிரிடினும் இட்ட குடுவையை இறக்கி, நூற்றுப்பத்து டிகிரியில் பஞ்சைப் போட்டாள். முதலில் ஓரங்கள் கண்ணாடிபோலத் தெளிந்தன. ஒரு மணி நேரத்தில் பஞ்சைக் காணோம். தேன் பதத்தில் ஒரு பாகு மட்டும் இருந்தது. அதைத் தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாக, மெத்தென்று பஞ்சுப்பொருள் திரும்ப வந்தது.

"போனது வந்துடுச்சும்மா!" என்றான் கோதண்டபாணி.

அவள் அதோடு விடவில்லை. சாதாரணப் பஞ்சு ஒரு குழாயில், திரும்பி வந்தது இன்னொரு குழாயில். இரண்டிலும் ஒரே அளவு நீர்த்த அமிலம் விட்டு, ஒரே நேரம் கொதிக்க வைத்தாள். அமிலத்தை முறித்தபின் சர்க்கரையைக் காட்டும் நீலக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினாள். முதல் குழாய் நீலமாகவே நின்றது. இரண்டாவது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது.

பஞ்சாட்சரம் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பஞ்சுல இருந்தா சர்க்கரை?"

"ஆமாங்க சார். கரைஞ்சு வந்தா அதோட கட்டு தளர்ந்துடுது. அப்புறம் சுலபமா உடையுது."

"எங்கண்ணு முன்னால இன்னொரு தரம் செய்யம்மா" என்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே பக்கத்தில் நின்றார். நாற்றத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அவள் எழுதிய கட்டுரையில் அவள் பெயருக்குக் கீழே கோதண்டபாணியின் பெயரும் இருந்தது. ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பிய அது தையில் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது: சோதனை நன்று, ஆனால் இவ்வளவு விலையுள்ள உப்பால் தொழிலுக்குப் பயனில்லை.

கோதண்டபாணிக்கு முகம் சுண்டிப்போனது. நீலாம்பாள் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள்.

"அவங்க சொல்றது நியாயந்தான். உப்பைத் திரும்ப எடுக்க வழி பாக்கணும். அதுக்கு முன்னால வைக்கோல் கரையுதான்னு பாத்துடலாமா?"

திங்கட்கிழமை காலை, தாமலிலிருந்து சைக்கிளின் பின்னால் ஒரு கட்டு புது வைக்கோலோடு கோதண்டபாணி கல்லூரி வாசலில் வந்து இறங்கினான்.