கடலடியில் கிடந்த கட்டி

எண்பத்தேழில் அந்தமானிலிருந்து பரந்தாமன் கொண்டுவந்தது தேங்காய் அளவு ஒரு கட்டியும் சீழ் வடியும் இடது காதும்தான். மூழ்கிய கப்பல்களில் பழைய இரும்பு எடுக்கும் காண்ட்ராக்டரிடம் முங்கி வேலை செய்தவன். பவளம் அப்பிய கட்டிக்குள் வெள்ளிக் காசு இருக்கும் என்று அங்கே யாரோ கொளுத்திப் போட, அதை லுங்கியில் சுருட்டிக்கொண்டு கொரட்டூர் வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கட்டியைத் தட்டிப் பார்ப்பான்.

"உள்ள வெள்ளி கீதுன்னா அடுத்த கப்பல்லயே கெளம்பிடுவேன். அந்த எடம் எனக்கு மட்டுந்தான் தெரியும்."

இன்னொரு முறை ஆழத்துக்குப் போனால் மற்ற காதும் போகும், ஆளே மேலே வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னது அவன் மனைவி வரலட்சுமிக்குத்தான் நினைவிருந்தது. ஊர்ப்பட்ட ஜனம் திருவேற்காட்டு அம்மனிடம் கொடு கொடு என்று நிற்கிறது. இவள் கொடுத்துத் தொலைக்காதே தாயே என்று வேண்டிக்கொண்டாள். வெறும் கல்லாக இருந்தால் பொங்கல் வைப்பதாகவும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் பக்தவத்சலம் அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் பட்டறையை இவர்களுக்காகத் திறந்தான். இரும்பறுக்கும் மெஷினில் கட்டியை இறுக்கி ஓட்டினான். சுண்ணாம்பாகக் கொட்டியது. பரந்தாமன் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"சும்மா நில்லு மாப்ளே, கை கிய் மாட்டிக்கப் போவுது."

பிளேடின் சத்தம் மாறியது. வரலட்சுமி கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டாள். கட்டி இரண்டாகப் பிளந்தது. உள்ளே கன்னங்கரேலென்று ஓர் உருண்டை. பக்தவத்சலம் சுரண்டினான், கரியாக உதிர்ந்தது.

"வெள்ளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இத்துப்போன இரும்புக் குண்டு. பீரங்கில போடுவாங்களே, அது."

அப்பாடா என்று அவள் சுவரில் சாய்ந்தாள். பொங்கலுக்கு வெல்லம் வாங்க வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

பரந்தாமன் கரியை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டிருந்தான். முகம் வாடவில்லை. மெல்லச் சிரித்தான்.

"மச்சான், பீரங்கி வச்சிக்கினு போற கப்பல் சும்மாவா போவும்? எதையோ ஏத்திக்கினு, அதுக்குக் காவலா வச்சிருக்கான். அது இன்னும் அங்கதான் கீது."

பாவி மனுஷன். வெள்ளி கிடைத்திருந்தால்கூட விற்கிறேன் பேர்வழி என்று நாலு நாள் வீட்டில் இருந்திருப்பான்.

"போவாதய்யா" என்றாள். அவன் திரும்பவில்லை. அவள் நின்றது அவனுடைய இடது பக்கம். சுற்றி வந்து வலது காதருகே மறுபடியும் சொன்னாள்.

"கேக்குது, கேக்குது" என்றான் பரந்தாமன். "அதான் இன்னொரு காது கீதே."