இருட்டறைக் குருவிகள்

அப்பாவின் தலை நிற்கவே மாட்டேன் என்றது. சுவரோரம் பலகையில் உட்காரவைத்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள் சர்வமங்களா. சடங்கு செய்ய வந்த லிங்காயத்துக் குருவான ஜங்கமர் தலையைத் தாடையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி, சுவர் ஆணியில் இழுத்து முடிந்தார்.

"இப்பவாவது என் மூஞ்சிக்கு நேரா உட்கார்ந்தாரே" என்றாள்.

"செத்தவரப் போய் ஏண்டி கரிச்சுக் கொட்டற?" என்றாள் அம்மா.

கொட்டாமல் என்ன செய்வாள்! எட்டு வயதில் அப்பாவின் ஆராய்ச்சிக்கூடத்து இருட்டறைக்குள் டார்ச்சோடு நுழைந்து பிடிபட்டவள் அவள். "மூணு வருஷ வேலைய நாசம் பண்ணிட்டா சனியன்" என்று ஓர் அறை. அடுத்த வாரமே பெட்டியோடு பெளகாவி விடுதி. வளர்ந்து விலங்கியல் படிக்கிறேன் என்றபோது, "உன்னை எவன் லாபுக்குள்ள விடுவான்?" என்றார். பேங்கில் சேர்ந்தாள். 'போகட்டும் விடு' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் நேற்று ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவர் கண்ணைச் சுருக்கி, "கதவச் சாத்து, வெளிச்சம் வருது" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

வாசல் பந்தலில் டாக்டர் குல்கர்ணி டிவிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பாவின் முதல் மாணவர். இப்போது துறைத் தலைவர்.

"ஆண் குருவியோட விதைக்கொட்டை பருவத்துக்குப் பருவம் வளரும், சுருங்கும். மூளைக்கு வெளிச்சம்தான் நேரம் சொல்லுது. சார் என்ன செஞ்சாரு? விடியக்காலம் நாலு மணிக்கு விளக்கப் போட்டு, மத்தியானம் பன்னெண்டுக்கு அணைச்சிட்டாரு. அப்புறம் குருவிக்கு ராத்திரிதான். அந்த இருட்டுல தினம் பத்தே நிமிஷம் வெளிச்சம் காட்டினாரு. விதை அப்படியே பெருத்துடுச்சு! அதுவும் சரியா சாயங்காலம் நாலரைக்குக் காட்டணும்னு அவருக்கு எப்படித்தான் தோணுச்சோ! மேதைங்க!"

சர்வமங்களா திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். அந்த எட்டு வயதில் அவள் பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும். அங்கிருந்து ஆராய்ச்சிக்கூடம் அரை மணி நடை.

வேலியோரம் குந்தியிருந்தார் தாவல்சாப். முப்பது வருஷம் அந்தக் குருவிகளுக்குத் தினை போட்டவர். அவர் எதிரே போய் நின்றாள்.

"சாச்சா, அந்த நாலரை மணி யாரோடது?"

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"குருவிங்க இருட்டுல பயப்படும், பார்த்துட்டு ஓடிடறேன்னு கெஞ்சின. நான்தான் தாயி கதவத் திறந்துவிட்டேன். பதினஞ்சு நாள் வந்த. பதினஞ்சாம் நாள் சாகேப் பிடிச்சாரு."

"அப்புறம்?"

"நீ விடுதிக்குப் போன மறுநாள் குருவிங்கள அறுத்துப் பார்த்தாரு. கடுகளவு இருக்க வேண்டிய விதை பட்டாணியாட்டம் வீங்கியிருந்துச்சு. அன்னைக்கு அவரு சாப்பிடவே இல்ல. எத்தன மணிக்கு வருவா, எவ்வளவு நேரம் நிப்பான்னு என்னைத் துருவித் துருவிக் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு. வெளியில சொன்னா வேல போயிடும்னாரு."

"எனக்குக்கூடவா சொல்லல?"

"நாலு புள்ளைங்க தாயி எனக்கு."

"எனக்கு எட்டு வயசு சாச்சா!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. பாவி மனுஷன். திட்டம் போட்டுச் செய்ததாக ஊரெல்லாம் சொல்லி மாலை வாங்கிக்கொண்டார், இவள் மட்டும் சனியனாகவே இருந்தாள். உள்ளே போய் அவர் தலையைக் கட்டிய துணியை அவிழ்த்துவிடலாமா என்று வந்தது. அதற்குள் அவரைப் பலகையோடு பூப்பல்லக்கில் ஏற்றிவிட்டார்கள்.

இடுகாட்டில், குழிக்குள் பக்கவாட்டில் குடைந்த பொந்தில் அவரைச் சம்மணமிட்டு உட்காரவைத்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. "லிங்கத்தக் கையில வைக்கணும், யாராவது வெளிச்சம் காட்டுங்கப்பா" என்று கீழிருந்து ஜங்கமர் கத்தினார். சர்வமங்களா கைப்பேசியின் விளக்கைப் போட்டுக்கொண்டு குழி விளிம்பில் மண்டியிட்டாள். திரையில் மணி நாலு முப்பத்திரண்டு.

ஜங்கமர் லிங்கத்தை வைத்தார். வில்வம் போட்டார். உப்பையும் திருநீற்றையும் கொட்டிவிட்டு மேலே ஏறி வந்தார்.

"முடிஞ்சுதும்மா, அணைச்சிடு."

அவள் அணைக்கவில்லை. மூடியிருந்த அந்தக் கண்கள் மேலேயே வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மணி நாலு நாற்பத்திரண்டு ஆனதும் அணைத்தாள்.